விலகுவதற்கும் சிக்னல் வேண்டும்!

வீட்டில் மின்சாரம் நின்றால் மீட்டரும் நின்றுவிடுகிறது. அரசுப் பேருந்து பாதி வழியில் பழுதானால், நடத்துநர் அதே பயணச்சீட்டில் அடுத்த பேருந்தில் நம்மை ஏற்றிவிடுகிறார். கைப்பேசிச் சேவையில் மட்டும் இந்த எளிய நியாயம் செல்லுபடியாவதில்லை. கோபுரம் ஓய்ந்து, திரையில் சிக்னல் கோடுகள் மறைந்துபோன பிறகும், முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய 28 நாள், 84 நாள், 365 நாள் கெடு கரைந்துகொண்டே இருக்கிறது.

மேலை நாடுகளில் கைப்பேசிச் சேவை என்றால் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்; சேவை சரியில்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்வது எப்படி என்பது அங்கே வழக்கமான கேள்வி. நம் நாட்டில் அப்படி யாரும் பேசுவதில்லை. காரணம், இங்குள்ள கைப்பேசி இணைப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ரீசார்ஜ் செய்து பயன்படுத்தும் பிரீபெய்டு இணைப்புகள். ரீசார்ஜ் என்பதை நாம் கடையில் சோப்பு வாங்குவதைப் போன்ற ஒரு சில்லறை வணிகமாகவே நினைக்கிறோம். அது உண்மையில் ஓர் ஒப்பந்தம். அதுவும், ஒரு தரப்பு தன் கடமையை முதல் நாளிலேயே முழுமையாக நிறைவேற்றிவிட்ட ஒப்பந்தம். ஓராண்டுக்கு ரீசார்ஜ் செய்யும் கூலித் தொழிலாளி, ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் புரளும் நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது.

சேவை நின்றுபோனால் அந்தக் கடன் என்னவாகிறது? இந்தக் கேள்விக்கு முதன்முறையாகப் பதில் சொல்ல முயன்றது, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையம் (டிராய்) 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத் தர விதிமுறைகள். ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால், போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு அந்த நாள்களுக்குரிய வாடகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். பிரீபெய்டு வாடிக்கையாளருக்கு அத்தனை நாள்களைக் கெடுவில் கூட்டித் தர வேண்டும். தரக் குறைவுக்கான அபராத வரம்பு முன்பு ரூ.50,000 ஆக இருந்தது. இப்போது படிப்படியாக ரூ.10 லட்சம் வரை உயர்த்தப்பட்டுள்ளது. நிறுவனங்கள் தங்கள் சேவை எங்கெங்கு கிடைக்கிறது என்ற வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் இவ்விதிகளில் அடங்கும். வரவேற்கத்தக்க திருப்பம்தான். ஆனால், "ஒரு மாவட்டத்தில்" என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் மக்கள். பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வனம். பெங்களூரு - சேலம் தேசிய நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே ஓடித் தொப்பூர் கணவாய் வழியாக இறங்குகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் எல்லா நிறுவனங்களின் சிக்னலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும். சாலையை விட்டு விலகி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் சித்தேரி மலைக்கோ, பென்னாகரம் பக்கத்தில் கோட்டூர் மலைக்கோ, தருமபுரிக்கு மேலே வத்தல்மலைக்கோ சென்று பாருங்கள். கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிச் சென்ற படங்களை நாளிதழ்களில் அனைவரும் பார்த்திருப்போம். சித்தேரியில் கோபுரம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வயது பல ஆண்டுகள்.

இப்படிப்பட்ட மலைக்கு ஆதாரமாக இருக்கும் ஒரே கோபுரம் மூன்று வாரம் அணைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்தில் சேவை முடங்கியதாக அது கணக்கில் வருமா? வராது. தருமபுரி நகரில், அரூரில், பாலக்கோட்டில் எல்லாம் சேவை ஒழுங்காக இருக்கிறதே! 15 லட்சம் பேரில் சில ஆயிரம் பேரின் இருட்டு, சராசரிக் கணக்கில் வெளிச்சமாகவே தெரியும். புயல் அடித்து மாவட்டமே முடங்கினாலும் பயனில்லை. இயற்கைப் பேரிடர்க் காலத்துக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆக, பேரிடர் ஏதுமின்றி ஒரு மாவட்டம் முழுவதும் ஒரு நாளுக்கு மேல் ஊமையாகிப் போனால்தான் இந்த இழப்பீடு கிட்டும். அப்படி ஒரு நாள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதை வாசகர்களின் கணிப்புக்கே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இழப்பீடு, பாதிக்கப்பட்ட மாவட்டத்தில் பதிவு பெற்ற வாடிக்கையாளருக்கே உரியது. பெங்களூரிலும் திருப்பூரிலும் கட்டட வேலைக்கும் பின்னலாடை வேலைக்கும் போய், அங்கே சிம் அட்டை வாங்கி, ஊர் திரும்பியவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்கள் எந்த மாவட்டத்துக் கணக்கில் வருவார்கள்?

எங்கள் குடும்பத்திலேயே இது நேர்ந்தது. சித்தேரி அடிவாரத்தில் தனியே வசிக்கும் என் தாயாரின் எண்ணுக்கு ஆண்டுக் கெடுவில் மொத்தமாகப் பணம் கட்டியிருந்தேன். ஐந்தாவது மாதத்தில் பக்கத்துக் கோபுரம் ஓய்ந்தது. நில வாடகைத் தகராறு என்றார் ஒருவர், பேட்டரி களவுபோனது என்றார் இன்னொருவர். நிறுவனத்திடமிருந்து விளக்கம் ஏதும் வரவில்லை. புகார் எண்ணான 198-ஐ அந்த நிறுவனத்தின் இணைப்பிலிருந்தே அழைக்க வேண்டும். இணைப்பு இல்லை என்பதே புகார்! நான் வேறொரு வழியில் பேசிப் புகாரைப் பதிவு செய்தேன். "உங்கள் பகுதியில் குறைபாடு ஏதும் பதிவாகவில்லை, கைப்பேசியை ஒருமுறை அணைத்து இயக்கிப் பாருங்கள்" என்றார்கள். மருத்துவமனைக்காக அரூருக்கு இறங்கிய அன்று அம்மாவின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்திகள் சாரைசாரையாக வந்து விழுந்தன. அவற்றுள் ஒன்று, "தங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது" என்பது.

சரி, வேறு நிறுவனத்துக்கு மாறிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. நுகர்வோருக்குக் கிடைத்த உரிமைகளில் இது மகத்தானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் வழிமுறையைப் பாருங்கள். 'போர்ட்' என்று தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, கைப்பேசி எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். விலக நினைக்கும் அதே எண்ணிலிருந்து அனுப்ப வேண்டும். எட்டு இலக்கக் குறியீடு ஒன்று அதே எண்ணுக்கு வரும். சிக்னல் இல்லை என்பதற்காக விலகுகிறவரிடம், சிக்னலைக் காட்டிவிட்டு விலகு என்கிறது விதி. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

மலையிலிருந்து இறங்கி, அரை நாள் கூலியை இழந்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அந்தக் குறியீட்டைப் பெற்றாலும், அதன் ஆயுள் நான்கு நாள். அதற்குள் வேறு நிறுவனத்தின் முகவரிடம் சென்று, ஆதார் காட்டி, விரல் ரேகை வைத்துப் புதிய சிம் அட்டை வாங்க வேண்டும். பழைய நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்காவிட்டால் குறியீடே வராது. அதாவது, ஒரு நிறுவனத்துக்கு மாறிய இரண்டாம் வாரத்தில் அதன் கோபுரம் அணைந்தால், மீதிப் பத்து வாரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து மாறினாலும், பழைய நிறுவனத்தில் மிச்சமிருக்கும் நாள்களுக்கும் இருப்புத் தொகைக்கும் ஒரு பைசா திரும்பாது. என் தாயாரின் எண்ணை மாற்றியபோது ஏழு மாதச் சந்தா அப்படியே போயிற்று.

மலைப் பகுதிக்கு விதியைத் தளர்த்த முடியாதா என்றால், ஏற்கெனவே தளர்த்தியிருக்கிறார்கள். ஜம்மு - காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் இந்தக் குறியீட்டின் ஆயுள் நான்கு நாளல்ல, 30 நாள். ஜம்மு - காஷ்மீரில் குறுஞ்செய்திக்குப் பதிலாக 1900-ஐ அழைத்தே குறியீடு பெறலாம். எல்லைப்புற மலைக்குக் கிடைத்த சலுகை, தமிழகத்தின் உள்நாட்டு மலைகளுக்குக் கிடைக்கவில்லை. சித்தேரியும் கொல்லிமலையும் கல்வராயனும் 'டிராய்' பார்வையில் சென்னையைச் சுற்றியுள்ள சமவெளியோடு ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கின்றன.

சேவை இழந்தவர் விலக முடியாமல் தவிப்பது மலைவாழ் மக்களுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் தமிழகமே இதைப் பட்டறிந்தது.

ஏர்செல் 1999-இல் தமிழகத்தில் சி.சிவசங்கரனால் தொடங்கப்பட்ட நிறுவனம். பின்னர் மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. நெடுங்காலம் தமிழகத்தில் முன்னணியில் இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் மஞ்சள் சட்டையில் அதன் பெயரைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் கட்டணப் போர் மூண்டது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் இணையும் முயற்சி 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 ஜனவரி இறுதியில் குஜராத், மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு வட்டங்களில் சேவையை மூடியது. அடுத்த சில வாரங்களில், கோபுர நிறுவனங்களுக்கு வைத்த பாக்கி காரணமாகத் தமிழகத்தில் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

அந்த நாள்களில் நடந்ததை நினைவுகூர வேண்டும். ஏர்செல் அலுவலகங்களின் முன் நீண்ட வரிசைகள். பல இடங்களில் காவல் துறைப் பாதுகாப்பு. மக்கள் கேட்டது பணத்தை அல்ல. விலகிச் செல்வதற்கான அந்த எட்டு இலக்கக் குறியீட்டை. வங்கிக் கணக்கு, எரிவாயுப் பதிவு, ஆதார் எல்லாம் அந்த எண்ணோடு பிணைந்திருந்தன. எண் போனால் அடையாளமே போய்விடும் என்ற அச்சம். பிப்ரவரி இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கை கோரி மும்பையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகியது. ஏப்ரல் 15 வரை எண்ணை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு அவகாசம் தரப்பட்டது. பிரீபெய்டு இருப்பையும் போஸ்ட்பெய்டு வைப்புத் தொகையையும் திருப்பித் தருமாறு 'டிராய்' உத்தரவிட்டது.

ஆனால் ஒரு நிறுவனம் திவாலாகும்போது பணம் கேட்டு நிற்கும் வரிசையில் முன்னால் நிற்பவர்கள் யார்? அடமானத்தின்பேரில் கடன் கொடுத்த வங்கிகள். அலைக்கற்றைக்கான பாக்கியைக் கேட்கும் மத்திய அரசு உச்சநீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. கோபுர நிறுவனங்களும் வரிசையில் உண்டு. 47 ரூபாய் இருப்பு வைத்திருந்த காரிமங்கலத்துக் காய்கறி வியாபாரி அந்த வரிசையில் எங்கே நிற்பார்? முன்பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் ஒரு சேவையில், அந்த முன்பணத்தைத் தனியே காத்துவைக்க எந்த ஏற்பாடும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சீட்டு நிறுவனம் நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கோடிக்கணக்கானோரிடம் ஆண்டுச் சந்தா வாங்கும் நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. (அணைந்த கோபுரங்களுக்கு நேர்ந்ததும் சுவையான கதை. கவனிப்பாரின்றிக் கிடந்த 600-க்கும் மேற்பட்ட கோபுரங்களைத் தமிழகத்தில் காணவில்லை என்று 2022-இல் ஒரு கோபுர நிறுவனம் காவல் துறையில் புகார் அளித்தது.)

சட்டம் வாடிக்கையாளரை முற்றிலும் கைவிட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 39-ஆவது பிரிவு, ஒரு தரப்பு தன் வாக்கை நிறைவேற்ற மறுத்தாலோ, நிறைவேற்ற இயலாத நிலைக்குத் தன்னை ஆளாக்கிக்கொண்டாலோ, மறுதரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. அப்படி முறையாக முடித்துக்கொண்டவருக்கு இழப்பீடு பெறும் உரிமையும் உண்டு என்கிறது 75-ஆவது பிரிவு. ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய இந்தச் சட்டத்தின்படி பார்த்தாலே, சிக்னல் தராத நிறுவனம் மீதி நாள்களின் பணத்தைத் தர வேண்டியதுதான்.

இதை எங்கே போய்க் கேட்பது என்பதுதான் நெடுநாள் சிக்கலாக இருந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் தனித் தீர்வு முறை இருப்பதால், தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2009 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. கிருஷ்ணன் என்பவரின் வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பைக் காட்டியே பல ஆண்டுகள் நிறுவனங்கள் தப்பித்துவந்தன. 2022 பிப்ரவரி 16 அன்று, வோடஃபோன் ஐடியாவுக்கும் அஜய் குமார் அகர்வாலுக்கும் இடையிலான வழக்கில் நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, நுகர்வோர் மன்றங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தெளிவுபடுத்தியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதன் வரையறைக்குள் தொலைத்தொடர்பு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளது. புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ரூ.5 லட்சம் வரையிலான கோரிக்கைக்குக் கட்டணமும் இல்லை.

ஆனாலும் ஒரு முட்டுக்கட்டை. 'சிக்னல் கிடைக்கும் நிலையைப் பொறுத்தே சேவை' என்ற பொருளில் ஒரு வரியை நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதிவைத்திருக்கின்றன. பணம் வாங்குவது நிபந்தனையின்றி. சேவை தருவது நிபந்தனையோடு! இப்படி ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அறிவிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்குக் கிடையாது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அரூர்க்காரர் சில நூறு ரூபாய் சந்தாவுக்காக ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவிலுள்ள சென்னையில் வழக்காடுவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஜெர்மனியில் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இதை எளிமையாகக் கையாள்கிறது. சேவை முழுவதுமாக நின்றுபோய், புகாரளித்த இரண்டு நாளுக்குள் சரிசெய்யப்படாவிட்டால், மூன்றாம் நாள் முதல் நாளொன்றுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், எது அதிகமோ அது. ஐந்தாம் நாள் முதல் இரு மடங்கு. மாவட்டம் முழுவதும் முடங்கியதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒருவருக்குச் சேவை நின்றதா என்பதே கேள்வி. நம் நாட்டு நிறுவனங்கள் இவ்வளவு குறைந்த கட்டணத்தில் சேவை தரும்போது ஜெர்மனியின் தொகையை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று வாதிடலாம். அந்த வாதத்தில் பொருள் உண்டு. நாம் கேட்பது தண்டத் தொகையல்ல. அணைந்து கிடந்த நாள்களைத் திருப்பித் தர வேண்டும், விலகுபவருக்கு மீதி நாள்களுக்கான பணத்தைத் தர வேண்டும் என்பதுதான். எந்தக் கோபுரம் எந்த நிமிடத்தில் அணைந்தது என்ற பதிவு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அந்தக் கோபுரத்தையே நாளும் சார்ந்திருந்த எண்கள் எவை என்பதும் அதே கணினிக்குத் தெரியும். மாவட்ட அளவுக்குப் பதிலாகக் கோபுர அளவில் கணக்கிடத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.

கோபுரம் அமைப்பது மலையில் நட்டம் தரும் வேலை என்பதும் உண்மைதான். அதற்காகத்தானே ஒரு நிதியம் இருக்கிறது? நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம், அதாவது இறுதியில் நம் ரீசார்ஜ் பணத்தின் ஒரு பகுதி, கிராமப்புறச் சேவைக்கென்று 2002 முதல் பிடிக்கப்படுகிறது. இன்று அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல ரூ.26,316 கோடியில் ஒரு திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. இந்த நிதியில் எழும் கோபுரங்களை பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. என் பார்வையில் மலைப்பகுதிக்கு உண்மையான தீர்வு இதுதான். ஒரு நிறுவனத்தின் கோபுரம் அணைந்தால் அடுத்த நிறுவனத்தின் கோபுரம் தானாக ஏற்றுக்கொள்ளுமானால், விலக வேண்டிய தேவையே எழாது. புயல் காலத்தில் சில நாள்களுக்கு இப்படித் திறந்துவிட முடிகிறது என்றால், ஒற்றைக் கோபுரத்தை நம்பியிருக்கும் மலையூர்களுக்கு ஆண்டு முழுவதும் ஏன் முடியாது?

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், கைப்பேசி இப்போது பேசுவதற்கான கருவி மட்டுமல்ல என்பதுதான். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல், வேலைக்கு வந்தவர்களை நாளுக்கு இருமுறை படமெடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகை பதிவாகும் என்றாக்கினார்கள். வங்கியில் பணம் எடுக்கக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருகிறது. நியாய விலைக் கடையில் விரல் ரேகைக் கருவி இணைப்புக்காகக் காத்திருக்கிறது. பிரசவ வலி கண்டால் 108-ஐ அழைக்க வேண்டும். அரசே ஒவ்வொரு சேவையாகக் கைப்பேசிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்ட பிறகு, சிக்னல் கிடைப்பது நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தனிப்பட்ட பேரம் என்று அரசு ஒதுங்கிக்கொள்ள இயலாது.

விதிகள் மாறும்வரை பாதிக்கப்பட்டோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நிறுவனங்கள் இணையதளத்தில் வெளியிட்டுள்ள சேவை வரைபடத்தில் உங்கள் ஊர் வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தீட்டப்பட்டிருந்தும் சிக்னல் இல்லையென்றால், தேதி தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தத் தாள்களோடு ஊரில் பத்துப் பேர் சேர்ந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளித்தால், 'சிக்னல் கிடைக்கும் நிலையைப் பொறுத்து' என்ற வரியைக் காட்டி நிறுவனம் எளிதில் தப்ப முடியாது. சிக்னல் கிடைக்கிறது என்று வரைபடத்தில் அறிவித்ததே அந்த நிறுவனம்தானே!